போனைப் பிடித்திருந்தவள்

ஜூலை 4, இரவு

அக்கா,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றது. உன்னோடு வேலை செய்பவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் காட்டாதே. படித்ததும் கிழித்துப் போடு. கிழிக்க மனசு வராவிட்டால் மடித்து எங்கேயாவது செருகி வை. போட்டோ மட்டும் எடுத்துவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

எழுத்து கோணலாகத்தான் இருக்கும். போர்வைக்குள் உட்கார்ந்து முட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் அம்மா இன்றைக்குச் சேனலுக்கு எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நான் பேசிய ஒரே வரி திரும்பத் திரும்பக் கேட்கிறது. "ஐயோ, இது எனக்கா?" அது நின்றதும் நானும் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

உன் முகவரி எப்படிக் கிடைத்தது என்று பயப்படாதே. உன் சான்றிதழைத் தபாலில் அனுப்பச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு எழுதியிருந்தாயே, அதை உறையில் போட்டு அனுப்பியது லைப்ரரி மிஸ். "உங்க அக்கா கையெழுத்து அப்படியே இருக்கு, இன்னும் 'ழ'வுக்கு வால் நீட்டறா" என்றார். அதற்கு மேல் நான்தான் நச்சரித்து வாங்கினேன். பதில் எழுதினால் பள்ளிக்கூடத்துக்கு, அவர் பெயருக்கு எழுது. பிரிக்காமல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் போனில் வருவதெல்லாம் அம்மாவின் போனிலும் தெரியும். அதனால்தான் தாள்.

சொல்ல வந்தது இதுதான். ஊடகமும் சமூகமும் பற்றி ஏதாவது தேடிப் படித்து ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னார்கள். லைப்ரரி கம்ப்யூட்டரில் தேடியபோது ஒரு தளம் கிடைத்தது. இணையத்தால் மனிதர்கள் எப்படி மாறுகிறார்கள் என்று பலர் எழுதியதை எல்லாம் தலைப்பு தலைப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வதந்தி எப்படிப் பரவுகிறது, விளம்பரம் சின்னப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறது, இப்படி. வேலை முடிந்தது என்று மூடப் போனேன். 'குடும்ப சேனல்கள்' என்று ஒரு தலைப்பு தெரிந்தது.

மணி அடித்தும் எழுந்திருக்க முடியவில்லை. நம் வீட்டில் நடப்பதற்கெல்லாம் அங்கே பெயர் இருக்கிறது அக்கா. படம் எடுத்து முடித்து, ஆறிய பிறகு சாப்பிடுவது. நிஜமாகவே தடுக்கி விழுந்தாலும் இன்னொரு தடவை விழச் சொல்வது. நம் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு கட்டுரை, துக்கத்தைப் படம் எடுப்பது பற்றி. யார் பெயரும் இல்லை. ஆனால் நீலச் சோபா இருக்கிறது. ஒரு மூலை பிய்ந்து தொங்கும் காலண்டர் இருக்கிறது. தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் ஒரு பெண் நிற்கிறாள். அப்பா இறந்துவிட்டார் என்று அம்மா உன்னிடம் சொல்லும் வீடியோ அது.

எல்லோரும் உன் முகத்தைப் பற்றி எழுதினார்கள். இவர் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நான் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்:

"செய்தி சொல்லப்படும் கணத்தில் படம் சட்டென்று தாழ்கிறது. தரையும் ஒற்றைச் செருப்பும் தெரிகின்றன. பிறகு மெல்ல மேலே வருகிறது. போனைப் பிடித்திருந்தவரும் அப்போதுதான் இதைக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். அவரைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை."

பிடித்திருந்தது நான் என்று உனக்குத் தெரியும். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது என்பது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டை விட்டுப் போகும்போது என்னிடம் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாய்.

சத்தம் நின்றுவிட்டது.

சுண்டு


ஜூலை 15

சுண்டு,

கடிதம் கிடைத்தது.

இதைப் படிக்கும்போது உன் தோளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா? எதிரே அலமாரியில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறார்களா? அப்படியென்றால் இந்த வரியோடு மடித்துவிடு. அக்கா சௌக்கியம், யாரும் தேட வேண்டாம் என்று சொல்லிவிடு.

அப்படி இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் ஒரு சலவைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சூடான உருளைக்குள் போய் விரிப்புகள் தட்டையாக வெளியே வரும். ஆளுக்கு இரண்டு நுனியைப் பிடித்து, நடந்து, எதிரெதிரே வந்து மடிக்க வேண்டும். உள்ளே போகும் முன் எல்லோரும் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். அந்தப் பூட்டுக்காகவே இந்த வேலையில் சேர்ந்தேன். இதற்கு முன்னால் துணிக்கடையில் இருந்தேன். ஒரு அம்மா சட்டையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "நீ அந்த அழுத பொண்ணுதானேம்மா" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் நான் கடைக்குப் போகவில்லை.

அந்தக் கட்டுரைக்காரர் நன்றாகக் கவனித்திருக்கிறார். ஆனால் அவர் பார்த்தது படத்தை. நான் பார்த்தது உன்னை. நான் கதவைத் திறந்தபோது நீ போனுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். பல் தெரிய. அம்மா என்னென்ன வார்த்தை சொன்னாள் என்பதுகூட எனக்கு இப்போது ஒழுங்காக நினைவில்லை. அந்தச் சிரிப்பு நினைவிருக்கிறது.

கை தாழ்ந்திருக்கலாம். வலித்திருக்கும்.

பதில் எழுதுவதானால் உண்மையை எழுது. கதை கட்டுவதானால் எழுதவே வேண்டாம். எனக்குக் கோபம் இல்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா


ஜூலை 22, இரவு

அக்கா,

சிரித்தேன். அதை இல்லை என்று சொல்லப் போவதில்லை.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிறகு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனதும் பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரியும். நீ சிறப்பு வகுப்பில் இருந்தாய். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். முகம் கழுவி, தலை வாரியிருந்தாள். "அப்பா எங்கம்மா?" என்றேன். "அக்கா வரட்டும், ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன்" என்றாள். போனை என் கையில் கொடுத்தாள். "கதவு திறக்கறப்பவே ஆரம்பிச்சிடு. ஆட்டாதே."

நம் வீட்டில் கதவு திறக்கும்போதே படம் எடுக்கச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம், நீயே சொல். எனக்கு சைக்கிள் வாங்கியபோது அப்படித்தான் எடுத்தோம். நாய்க்குட்டி வந்தபோது நீதான் பிடித்திருந்தாய். நீயும் பல் தெரியத்தான் சிரித்தாய், அந்த வீடியோவில் உன் சிரிப்பு கேட்கும். போனைப் பிடித்திருப்பவர்தான் முதலில் சிரிப்பார். அப்பா குணமாகி வந்துவிட்டார், உள் அறையில் ஒளிந்திருக்கிறார் என்று நினைத்தேன் அக்கா. நீ உள்ளே வந்ததும் குதித்து வருவார், நீ அலறுவாய், அதை நான் ஒழுங்காக எடுக்க வேண்டும். ஒரு கண்ணை உள் அறைக் கதவிலேயே வைத்திருந்தேன்.

அம்மா சொன்னதும் கை விழுந்துவிட்டது. அப்புறம் ஏன் தூக்கினாய் என்று கேட்பாய். அம்மா உன்னைப் பிடித்துக்கொண்டே இரண்டு விரலை உயர்த்தினாள், போனைத் தூக்கிப் பிடி என்று எப்போதும் காட்டுவாளே, அப்படி. அவளுக்கே தெரிந்து செய்தாளோ என்னவோ. என் கை தானாக மேலே போய்விட்டது. நீ சோபாவில் சரிந்தபோது நீ நடுவில் வருகிற மாதிரி நான் ஒரு அடி நகர்ந்தேன். தாழ்ந்ததை அந்தக் கட்டுரைக்காரர் எழுதிவிட்டார். நகர்ந்ததை எழுதவில்லை. உண்மையை எழுது என்றாய், அதனால் எழுதுகிறேன்.

பிறகு குளியலறையில் போய் அழுதேன். அம்மா வந்து கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள், மூக்கு ஒழுக, பார்க்கச் சகிக்காமல். அதை யாரும் எடுக்கவில்லை. அவளுக்கு நிஜமாக அழத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதே.

சாப்பாட்டு நேரத்தில் தினமும் அந்தத் தளத்துக்குப் போகிறேன். ஒரு வீடியோவை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி எப்படிக் கேட்பது என்று ஒரு பக்கம் இருக்கிறது. படத்தில் தெரிகிறவர் கேட்கலாமாம். நான் எங்கேயும் தெரியவில்லை. நான் கேட்டால் நீ யார் என்பார்கள்.

கட்டுரைக்குக் கீழே கருத்து எழுத இடம் இருந்தது. பெயர் கேட்கவில்லை. எழுதிவிட்டேன். "போனைப் பிடித்திருந்தது நான். அக்காவுக்குத் தெரிந்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. கவனித்ததற்கு நன்றி." தப்பா? இத்தனை நாளில் ஒருவர் விசாரித்திருக்கிறார், பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது.

சுண்டு


ஆகஸ்ட் 3

சுண்டுக்குட்டி,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் ஒளித்து வைத்துப் படித்தேன். எதிர் நுனியில் நின்ற சூப்பர்வைசர் அக்கா, "என்னடி, விரிப்பைத் தரையில விட்டுட்டே, அது மறுபடி குளிக்கணுமா?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி போ, வாசல்ல போய் நில்லு. நான் சுவரைப் பிடிச்சுக்கச் சொல்லி மடிச்சுக்கறேன்" என்றார். வாசலில் நின்றேன். ஆஸ்பத்திரி வண்டி வந்து அழுக்குத் துணி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனது. அது போன பிறகும் நின்றேன்.

அப்பா உள் அறையில் ஒளிந்திருக்கிறார் என்று நினைத்தாயா.

உனக்கு ஒன்று சொல்கிறேன். உன் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டு வகுப்பிலிருந்து பயந்துகொண்டே ஓடி வந்தவளுக்கு, உன் பல்லைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. அப்பா வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு நொடி. அந்த ஒரு நொடியைத்தான் இத்தனை காலம் என்னால் உனக்கு மன்னிக்க முடியாமல் இருந்தது. நீ என்னை ஏமாற்றிவிட்டாய் என்று. நாம் இரண்டு பேரும் ஒரே பொய்யை நம்பி நின்றிருக்கிறோம். அந்தப் பொய்யை யாரும் சொல்லக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு இன்டர்நெட் சென்டருக்குப் போய் நானும் அந்தக் கட்டுரையைப் படித்தேன். நின்றுகொண்டே படித்தேன், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயம். உன் கருத்தையும் பார்த்தேன். நீ எழுதியது தப்பில்லை. ஆனால் அதை எடுத்துவிடு. அம்மாவின் வீடியோக்களைப் பார்க்கிறவர்கள் வேலை இல்லாதவர்கள் என்று நினைக்காதே, அதுதான் அவர்களுக்கு வேலை. புள்ளி வைத்தால் கோலமே போட்டுவிடுவார்கள்.

நானும் சூப்பர்வைசர் அக்காவும் இருக்கும் அறையில் இன்னொரு கட்டில் காலியாக இருக்கிறது. ஜன்னல் ஓரம். சூப்பர்வைசர் அக்கா பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டார், அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்வார்களாம். தங்கச்சி குறட்டை விடுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "உன்னைவிடவா?" என்கிறார். பரீட்சை முடியட்டும். அம்மாவிடம் நானே வந்து பேசுகிறேன். எதிரில் உட்கார்ந்து, போன் இல்லாமல்.

நீ நகர்ந்ததை மறந்துவிடு. நானாக இருந்தாலும் நகர்ந்திருப்பேன். நம் கால்கள் அப்படிப் பழகியவை.

அக்கா


ஆகஸ்ட் 11, இரவு

அக்கா,

நீ சொன்னது போலவே ஆகிவிட்டது. பெயர் இல்லாமல் எழுதியதால் என்னால் அதை அழிக்க முடியவில்லை. லைப்ரரி மிஸ் அந்தத் தளத்துக்கு எழுதினார், அவர்களும் எடுத்துவிட்டார்கள். அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்து அம்மாவின் வீடியோவுக்குக் கீழே ஒட்டிவிட்டார்கள். இப்போது எல்லோரும் அதே கேள்வி. சின்னவள்தானா? பாவம், சின்னவளைக் காட்டுங்கள்.

அம்மா கூப்பிட்டாள். அடிப்பாள் என்று நினைத்து நின்றேன். என் தலையைக் கோதினாள்.

"ஏன் கண்ணு இத்தனை நாள் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா."

"கேட்டிருக்கணும். தப்புதான்."

அக்கா, அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எல்லாம் முடிந்தது, நீ வந்துவிடலாம் என்று. அம்மா என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"இப்ப சொன்னேல்ல, இதே மாதிரி சொல்லு. இதே குரல்ல. நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். அப்புறம் ரெண்டு பேரும் அக்கா இருக்கற இடத்துக்குப் போய் அவகிட்டயும் கேப்போம். எல்லாரும் பாக்கட்டும். நான் ஒண்ணும் ராட்சசி இல்லன்னு தெரியட்டும்."

"போன் இல்லாம கேளும்மா."

என் முகவாயை விட்டாள். "போன் இல்லாம எனக்கு வராதுடி" என்றாள். "அன்னிக்கும் அதனாலதான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற வழியெல்லாம் எனக்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாத்தேன். வாயே வரல. அது இருந்தா அந்தப் பக்கம் நம்ம மனுஷங்க இருக்காங்கன்னு ஒரு தைரியம்."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பார்க்கிறவர்களையே சொந்தக்காரர்களாக நினைத்துக்கொள்வது பற்றி அந்தத் தளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதியது போல இருந்தது. கடைசி வரை படித்தேன். அப்படிப்பட்ட அம்மாவோடு வீட்டில் எப்படி இருப்பது என்று மட்டும் எழுதவில்லை.

"அக்கா எங்க இருக்கான்னு தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். சிரித்தாள். "உன் முகத்தைத் தினமும் வெட்டி ஒட்டறவ நான். என்கிட்டயா?"

நீ அங்கிருந்து போய்விடு அக்கா. எங்கே என்று எனக்கு எழுதாதே. எனக்குத் தெரிந்தால் என் முகம் சொல்லிவிடும். லைப்ரரி மிஸ்ஸுக்கும் வேண்டாம். அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் சத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

சுண்டு


ஆகஸ்ட் 18

சுண்டு,

அவள் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வந்து கேட்கட்டும், நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பேன் என்று கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழகிப் பார்த்தேன். ஆகவில்லை. அம்மா என் எதிரே வந்து நின்றாலே போதும், மன்னிப்புக்கூட வேண்டாம், நான் உடைந்துவிடுவேன். அவளை எனக்கு அவ்வளவு தேடுகிறது. அதை அவள் மட்டும் பார்த்தால் பரவாயில்லை. இன்னொரு தடவை அந்த முகத்தை ஊருக்குக் கொடுக்க என்னிடம் இல்லை.

அதனால் போகிறேன். இந்த மாதக் கடைசி வரை இங்கே இருப்பேன். எனக்குப் பதில் ஆள் வருவதற்குள் கிளம்பினால் சூப்பர்வைசர் அக்கா நிஜமாகவே சுவரோடுதான் மடிக்க வேண்டும். அவர் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் ஓரக் கட்டிலில் விரித்திருந்த புது விரிப்பை மட்டும் எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். நான் மறுநுனியைப் பிடித்துக்கொண்டேன்.

உன்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் போகிறேன் என்று எனக்குத் தெரியும். தைரியம் இருந்தால் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். உன் அக்கா அவ்வளவுதான், மன்னித்துக்கொள்.

மாதக் கடைசிக்குள் நீ எழுதினால் கிடைக்கும். பிறகு எழுதாதே. எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அப்பா போன அன்றைக்குக் காலையில் நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன், அப்பாவைப் பார்க்கவில்லை. நீ இருந்தாய். எப்படி இருந்தார் என்று எழுது. அம்மா எடுத்ததில் வந்தது எதுவும் வேண்டாம். அதையெல்லாம் ஊரே பார்த்துவிட்டது. யாரும் பார்க்காதது ஏதாவது இருந்தால் எனக்குக் கொடு. அதை வைத்துக்கொண்டு நான் எங்கே வேண்டுமானாலும் இருந்துவிடுவேன்.

என் கடிதங்களைக் கிழித்துவிடு. இதையும்.

அக்கா


ஆகஸ்ட் 23, இரவு

அக்கா,

கிழித்துவிட்டேன். உன் 'ழ' ஒன்றை மட்டும் ஓரமாகக் கிழித்து வைத்துக்கொண்டிருந்தேன், அதையும் இன்றைக்குப் போட்டுவிட்டேன். அம்மா என் பையைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரமெல்லாம் நான் லைப்ரரியில்தான் இருக்கிறேன் என்று யாரோ சொன்னதில், மிஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்று நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். மிஸ் சொல்ல மாட்டார். நாளைக்குச் சாயங்காலம் படம் எடுக்க வேண்டும் என்று எனக்குச் சட்டையை எடுத்து வைத்துவிட்டாள். நான் வாயைத் திறக்கப் போவதில்லை. என்ன நடக்குமோ தெரியவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. அடிக்கடி எடுத்துப் பார்த்தால் தேய்ந்துவிடுமோ என்று நானே அதிகம் நினைக்க மாட்டேன்.

அம்மா மொட்டை மாடியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்பாவும் மட்டும் சமையலறையில். அவர் சட்டையின் மேல் பட்டனைப் போடாமல் நின்றுகொண்டே டீ குடித்தார். நீ ஒரு கடி கடித்துவிட்டு வைத்துப் போன ரொட்டித் துண்டு தட்டில் கிடந்தது. "உங்க அக்கா இன்னிக்கும் பாதி வயித்தோட ஓடிட்டா" என்றார். அதை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, நீ கடித்த இடத்தைப் பார்த்தார். "இவ்வளவு வளர்ந்தும் பல்லு பாரு, எலிக்குஞ்சு மாதிரி" என்றார். தனக்குத்தானே சிரித்தார். பிறகு நீ கடித்த இடத்திலிருந்தே சாப்பிட்டார். "அவகிட்ட சொல்லாதே, எலின்னு சொன்னா ஒரு வாரம் பேச மாட்டா" என்றார். நான் சொல்ல மாட்டேன் என்றேன். குனிந்து ஷூ மாட்டும்போது ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். வலிக்குதாப்பா என்று நான் கேட்கவில்லை. அவர் இன்னும் உன் பல்லை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று

கதவு தட்டுகிறாள்.

"கண்ணு, முழிச்சுட்டா இருக்கே? அம்மா உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

இது அம்மா வீட்டில் பேசும் குரல் இல்லை. வீடியோ பார்க்கிறவர்களிடம் பேசும் குரல். அக்கா, உறையில் இன்னும் முகவரி எழுதவில்லை. எழுதினால் நீ இருக்கும் இடம் அவள் கைக்குப் போய்விடும். எழுதாவிட்டால் இது உனக்கு